சண்டைக்காட்டுக் கல்

தனுஷ்கோடி யாருக்கும் விரல் நீட்டி வழி காட்ட மாட்டார். திருச்சுழிக்கு எப்படிப் போகணும் என்று வழிப்போக்கன் யாராவது கேட்டால், "வாங்க" என்று சொல்லிவிட்டு, கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு, பாதை பிரிகிற இடம் வரைக்கும் கூடவே நடந்து போய் விட்டுவிட்டு வருவார். "கருத்தப்பாண்டி இந்தப் பக்கமாப் போனானா?" என்று கேட்டால், கருத்தப்பாண்டி கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தாலும், "நான் பாக்கலையே" என்றுதான் பதில் வரும்.

வெளியூர்க்காரர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரியும். உள்ளூர்க்காரர்களுக்குக் காரணம் தெரியும். அவர் வீட்டுக்குப் பெயரே 'காட்டிக் குடுத்தவுக வீடு'. காட்டுவது என்கிற காரியமே அந்த வீட்டுக்கு ஆகாது என்று ஐந்து தலைமுறையாக ஒரு கட்டுப்பாடு. யாரும் விதித்ததில்லை, அவர்களாகவே விதித்துக்கொண்டது. அந்த வீட்டுப் பிள்ளை நிலாவைப் பார்த்து விரல் நீட்டினால் கூட விரலில் அடி விழும்.

ஊர்ப் பெயர் இங்கே வேண்டாம். எம்.ரெட்டியபட்டிக்கும் திருச்சுழிக்கும் நடுவில் கிடக்கிற கரிசல் ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். பருத்தியும் கம்பும் கொத்தமல்லியும் போடுவார்கள். மழை இருந்தால் விளையும், இல்லாவிட்டால் இல்லை. அங்கே விவசாயி என்று யாரும் சொல்வதில்லை. சம்சாரி என்பார்கள். மானாவாரி நிலத்தைக் காடு என்பார்கள்.

கதை வெள்ளைக்காரக் கும்பினியான் காலத்தது. மூன்று வருடம் மழை பொய்த்து, காட்டில் புல் கூட முளைக்காத நேரத்தில், தீர்வையைக் கட்டு என்று தண்டல்காரனை அனுப்பினான் கும்பினியான். விளைந்தால்தானே கட்டுவதற்கு? சுற்றுப்பட்டிச் சம்சாரிகள் ஒன்றுகூடி, முடியாது என்று சொல்லித் தண்டல்காரனை வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பினார்கள். பதிலுக்குப் பட்டாளம் வந்தது. அவன் கையில் துப்பாக்கி, இவர்கள் கையில் வேல்கம்பும் கவணும். ஊருக்கு மேற்கே, ஒளிந்துகொள்ள ஒரு மரம் கூட இல்லாத வெட்டவெளியில், பொழுது உச்சிக்கு வருவதற்குள் சண்டை முடிந்துபோனது. பதினேழு சம்சாரிகள் செத்துக் கிடந்தார்கள். உடம்பை எவனும் தொடக்கூடாது, புதைக்க எவனும் இடம் கொடுக்கக்கூடாது, கொடுத்தால் அவனுக்கும் அதே கதிதான் என்று தண்டோரா போட்டான் கும்பினியான். இரண்டு நாள் கழித்து எப்படியோ அடக்கம் நடந்தது. எப்படி நடந்தது, யார் செய்தது என்று கதை சொல்கிற எவருக்கும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், பட்டாளத்துக்குக் காட்டிக் கொடுத்தவன் பொன்னுச்சாமி என்கிற உள்ளூர்ச் சம்சாரி என்பது மட்டும்தான். அந்தப் பொன்னுச்சாமியின் வம்சம்தான் தனுஷ்கோடி.

செத்தவர்களைப் 'பட்டவுக' என்று ஊர் கும்பிட்டது. சண்டை நடந்த இடம் சண்டைக்காடு ஆனது. அங்கே இடுப்பளவுக்கு ஒரு கல் நிற்கும். ஆடி மாதம் கடைசி வெள்ளிக்கிழமை பட்டவர்களின் வீட்டார் கம்பங்கூழ் காய்ச்சிக் கொண்டுபோய், கல்லுக்கு எண்ணெயை ஊற்றி, மஞ்சளை அப்பி, படைத்துவிட்டு வருவார்கள். வருடா வருடம் ஊற்றிய எண்ணெயும் அப்பிய மஞ்சளும் விளக்குப் புகையும் சேர்ந்து கல்லின் மேல் விரற்கடை கனத்துக்குப் பக்குக் கட்டிப்போயிருந்தது.

தனுஷ்கோடி வீட்டார் மட்டும் அங்கே போவதில்லை. "அங்க கால வச்சா பட்டவுக நம்மள விடமாட்டாக" என்று அவருடைய அய்யா சொல்லிவைத்திருந்தார். திருச்சுழிக்குச் சண்டைக்காட்டு வழிதான் சுருக்கு வழி. அவர் ரெட்டியபட்டி வழியாகச் சுற்றிக்கொண்டு போவார். ஒரு தடவை அவருடைய கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு சண்டைக்காட்டுக்குள் ஓடிவிட்டது. எல்லையில் நின்றுகொண்டு, பகல் முழுக்க "பா, பா" என்று தொண்டை கட்டுகிற வரைக்கும் கூப்பிட்டார். கடைசியில் விறகு பொறுக்க வந்த ஆவுடைத்தாய் பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்ப் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

மற்றபடி அவரைப் போல ஒரு மனுஷனைத் தேடிப் பிடிக்க முடியாது. சாவு வீடு என்றால் முதல் ஆளாக வந்து பந்தக்கால் ஊன்றுவார். பிரசவ வலி என்று நடுச்சாமத்தில் வந்து நின்றாலும் வண்டியைப் பூட்டிக்கொண்டு அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுவார். ஆனால் ஊர்க்கூட்டத்தில் அவர் வாய் திறந்ததில்லை. அவரைச் சாட்சிக்கு யாரும் கூப்பிட்டதும் இல்லை. "தங்கமான மனுசன்தான். என்ன செய்ய?" என்று ஊர் சொல்லும். அந்த 'என்ன செய்ய' இருக்கிறதே, அதைக் கேட்டால் எவனுக்கும் பற்றிக்கொண்டு வரும். தனுஷ்கோடிக்கு வராது. அவர் அதையும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

அவருக்கும் ராக்கம்மாளுக்கும் ஒரே பிள்ளை, சௌந்தரம். அறுபத்தாறாம் வருடம் அவளுக்குப் பத்தொன்பது வயது. சோலைச்சாமியின் மகன் தங்கசாமி அவளைத்தான் கட்டுவேன் என்று பிடிவாதமாக நின்றான். சோலைச்சாமி பட்டவர் வீட்டுக்காரர். ஆனாலும் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படித்தவர், நாலு இடம் போய் வந்தவர். "எந்தக் காலத்துக் கதை? யாரு கண்டது? புள்ள நல்ல புள்ள" என்று சொல்லிச் சம்மதித்துவிட்டார். தனுஷ்கோடிக்கும் ராக்கம்மாளுக்கும் அந்த ஒரு மாதம் தரையில் கால் பாவவில்லை. தங்கள் வாழ்க்கையில் அப்படி ஒரு மாதம் வரும் என்று அவர்கள் நினைத்ததே இல்லை.

பரிசம் போடுகிற அன்றைக்குச் சோலைச்சாமி தட்டோடு வந்தார். தட்டில் சேலை, பூ, மஞ்சள், தேங்காய் எல்லாம் இருந்தது. தட்டைக் கைமாற்றப் போகிற நேரத்தில் அவருடைய பெரியம்மா சந்தனம்மாள் எழுந்தாள்.

"ஏப்பா, பட்டவுக பதினேழு பேருல ஒருத்தரு நம்ம பாட்டன். அவுகளக் காட்டிக் குடுத்தவன் வீட்டுப் பொண்ணு, ஆடி வெள்ளிக்கு எந்தக் கையால கூழு காய்ச்சும்? அவ காய்ச்சுன கூழ அவுக குடிப்பாகளா? எனக்கு இதுக்கு மட்டும் பதிலச் சொல்லு, நான் ஒக்காந்துக்கிறேன்."

கூட வந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்கள். அவர் சுற்றிலும் பார்த்தார். பிறகு தனுஷ்கோடியைப் பார்த்தார்.

"மச்சான், மன்னிச்சிருங்க. எனக்கும் ஊருல இருக்கணும்ல" என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். தனுஷ்கோடி கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. அவர்கள் தெருமுனை தாண்டுகிற வரைக்கும் கும்பிட்டுக்கொண்டே நின்றார்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு இடமும் வீட்டுப் பெயரைக் கேட்டதும் நின்றுபோனது. கடைசியில் போடிக்கு மேலே, மலையில், ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்க்கிற மாரிச்சாமி என்கிறவனுக்கு அவளைக் கொடுத்தார்கள். அவனுக்கு நாற்பது வயது. முதல் தாரம் செத்து, இரண்டு பிள்ளைகள். கெட்டவன் இல்லை. ஆனால் அவனுக்குக் கொடுத்ததற்குக் காரணம் அது இல்லை. அந்த மலையில் ஒருத்தருக்கும் இந்த வீட்டின் பெயர் தெரியாது என்பதுதான் காரணம். தனுஷ்கோடியே கூட்டிக்கொண்டு போனார். அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்கு ஒரு பஸ், மதுரையிலிருந்து போடிக்கு ஒரு பஸ், ராத்தங்கி, மறுநாள் மலைப்பாதையில் நடை. ஒன்றரை நாள் பயணம். கரிசல் வெயிலில் வளர்ந்த பிள்ளையை அட்டைப்பூச்சியும் மழையும் குளிருமான இடத்தில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கி வந்தார்.

ராக்கம்மாளுக்கு அது ஆறவே இல்லை. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, "எம்புள்ளைக்கு அங்க என்ன குளிரோ" என்று உட்கார்ந்துவிடுவாள்; சோறு குழைந்துபோகும். மூன்று வருடம் அப்படி இருந்தாள். எழுபதாம் வருடம் மாசியில் காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. கருமாதிக்கு வந்த சௌந்தரம் ஒடுங்கிப்போயிருந்தாள். நாலாம் நாள், "மூத்தவனுக்கு அம்மை போட்டிருக்குய்யா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள். சொந்தப் பிள்ளை அவளுக்கு உண்டாகவில்லை.

பிறகு அவர் ஒற்றை ஆள். விதைத்தார், அறுத்தார், ஒரு வேளை பொங்கி இரண்டு வேளை சாப்பிட்டார். இப்படியே தன் காலம் போய்விடும் என்று நினைத்துக்கொண்டிருந்தவரைப் பஞ்சம்தான் வெளியே இழுத்தது.

எழுபத்தி நாலிலும் மழை இல்லை, எழுபத்தி ஐந்திலும் இல்லை. கிணறுகளில் களிமண் வெடித்துக் கிடந்தது. அவர் காளைகளை விற்றார். அந்தச் சமயத்தில் சர்க்கார் பஞ்ச நிவாரணம் என்று ரோடு வேலை கொடுத்தது. திருச்சுழி ரோட்டிலிருந்து ஊருக்குச் சரள் ரோடு, சண்டைக்காட்டு வழியாக. மண் சுமந்தால் கூலியும் கோதுமையும். மேஸ்திரி சோலைச்சாமி.

தனுஷ்கோடி மூன்று நாள் போகவில்லை. நாலாம் நாள் வயிறு கேட்கவில்லை, போனார். பாடுபடுகிற மனுஷன் அறுபதை நெருங்குகிற வயதில், தன் முப்பாட்டன் பாவத்துக்குப் பயந்து பட்டினி கிடந்தது அந்த மூன்று நாள். எல்லைக் கல் வரைக்கும் கூடையைச் சுமப்பார். அங்கே ஆவுடைத்தாய் வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கொட்டுவாள். மற்றவர்கள் பார்த்தும் பாராதது போல இருந்தார்கள். சோலைச்சாமியும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். பரிசத் தட்டைத் திருப்பிக் கொண்டுபோன நாளிலிருந்து அவர் தனுஷ்கோடியின் முகத்தை நேராகப் பார்த்ததில்லை.

ரோடு பட்டவர் கல்லுக்கு நேராக வந்து நின்றது. கல்லைப் பத்தடி தள்ளி நடுவது என்று ஊர் முடிவு செய்தது. அசைக்கிறதுக்கு முன்னால் பட்டவர்களைக் குளிப்பாட்ட வேண்டும் என்றார்கள். பங்குனி மாதம் ஒரு காலைப் பொழுது. வெந்நீர் கொதிக்கவைத்து, சீயக்காய் போட்டு, தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு ஆவுடைத்தாய் தேய்க்க உட்கார்ந்தாள். எண்ணெய்ப் பக்கு முதலில் வழுக்கியது, பிறகு பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்தது. அதற்கடியில் எழுத்து இருந்தது.

"மேஸ்திரி, எழுத்துல்ல கெடக்கு! வாங்க, வந்து படிங்க" என்று கத்தினாள்.

சோலைச்சாமி குந்தி உட்கார்ந்து, விரலை வைத்து எழுத்துக் கூட்டினார். "பொன்னுச்சாமி..." என்று படித்துவிட்டு நிறுத்தினார். எல்லோரும் ஒரு தடவை எல்லைப் பக்கம் பார்த்தார்கள். கூடையோடு நின்ற தனுஷ்கோடி தலையைக் குனிந்துகொண்டார். "பொன்னுச்சாமி காட்டிக் குடுத்து..."

"இருங்க, அதுல இன்னும் அழுக்கு இருக்கு" என்று ஆவுடைத்தாய் அந்த இடத்தில் தண்ணீரை ஊற்றி இன்னொரு தடவை தேய்த்தாள். சோலைச்சாமி குனிந்தார். விரலால் எழுத்தின் கோட்டை ஒரு தடவை வரைந்து பார்த்தார். டகரத்துக்கு மேலே சுழி இல்லை. அதற்கு முன்னால் ஐகாரக் கொம்பு கிடந்தது.

"காட்டி இல்ல" என்றார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். "பொன்னுச்சாமி காட்டைக் குடுத்து பட்டவர் பதினேழு பேரும் அடக்கம்."

யாருக்கும் முதலில் விளங்கவில்லை. ஆவுடைத்தாய்க்குத்தான் விளங்கியது. நார் கையில் இருக்க அப்படியே எழுந்து நின்றாள்.

"காட்டக் குடுத்தாரா? அப்ப இது அவரு காடா? கும்பினியான் தண்டோராவுக்குப் பயந்து ஒருத்தனும் எடம் குடுக்காதப்ப, தன் காட்டக் குடுத்துப் பொதைச்ச மனுசனையா இம்புட்டு நாளா..." அவளுக்கு மூச்சு வாங்கியது. "ஏய்யா, காட்டிக் குடுத்தவன் பேரக் கல்லுல வெட்டி வச்சு எவனாவது எண்ணெய் ஊத்துவானா? நம்ம ஊத்தியிருக்கோமே, வருசா வருசம்!"

நடந்தது இவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் 'காட்டை' என்று யாரும் முழுசாகச் சொல்வதில்லை. 'காட்ட' என்றுதான் சொல்வார்கள். 'காட்டக் குடுத்தவுக வீடு' என்று ஒரு காலத்தில் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்ன பெயர்தான் அது. பார்த்தவர்கள் செத்த பிறகு, எந்தப் பாவியின் வாயிலோ அது 'காட்டி' ஆகிவிட்டது. ஓர் எழுத்து கூட இல்லை, எழுத்தில் பாதி. அந்தப் பாதி எழுத்தை வைத்துக்கொண்டு ஓர் ஊரே ஐந்து தலைமுறையாக ஒரு வீட்டைக் கொன்றிருக்கிறது.

சோலைச்சாமி எல்லைக்கு வந்தார். "மச்சான், உள்ள வாங்க" என்றார். தனுஷ்கோடி அசையவில்லை. "இது உங்க காடு மச்சான்" என்று கையைப் பிடித்தார். தனுஷ்கோடி கூடையை இறக்கி வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, காலை எடுத்து உள்ளே வைத்தார். கல்லிடம் போய் உட்கார்ந்து, எழுத்துகளைத் தடவிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. சோலைச்சாமிதான் அந்த எழுத்தின் மேல் அவர் விரலைக் கொண்டுபோய் வைத்தார். "ஏ ராக்கு, கேட்டியா?" என்று ஒரு சத்தம் வந்தது அவரிடமிருந்து. அதற்குப் பிறகு அழுகைதான். அங்கே நின்ற பெண்களெல்லாம் சேர்ந்து அழுதார்கள். சோலைச்சாமி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே ஊர் கூடியது. ஆடி வெள்ளிக்கு இனிமேல் முதல் படையல் தனுஷ்கோடி வீட்டுது, முதல் மரியாதை அவருக்கு என்று தீர்மானம் ஆனது. ஆளாளுக்கு எழுந்து பேசினார்கள். அவர் எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்றார். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. மகளிடம் போய்ச் சொல்ல வேண்டும், அது ஒன்றுதான் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தார். மதுரை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஆளிடம், "நாங்க காட்டக் குடுத்தவுக" என்று சொன்னார். அந்த ஆள் ஒன்றும் புரியாமல் "அப்படியா, சந்தோசம்" என்றார். தனுஷ்கோடிக்கு அதுவே போதுமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம், தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கிற லயத்துக்குப் போய்ச் சேர்ந்தார். சௌந்தரம் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். இருபத்தெட்டு வயதுக்கு முன்தலை நரைத்திருந்தது. கைவிரல்கள் ஈரத்தில் ஊறி வெளுத்துப்போயிருந்தன. அவரைப் பார்த்ததும் பயந்துபோய், "என்னய்யா, யாருக்கு என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல தாயி, நல்ல சேதி. ஒக்காரு" என்று அவளை உட்காரவைத்து, ரோடு வேலையிலிருந்து ஊர்க்கூட்டம் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். சோலைச்சாமி அழுததைச் சொன்னார். முதல் மரியாதையைச் சொன்னார். ஐகாரக் கொம்பை மண்ணில் விரலால் எழுதிக் கூடக் காட்டினார். வாழ்க்கையில் அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். சொல்லி முடித்துவிட்டு, மகள் முகம் மலரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் மண்ணில் எழுதியிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"அந்தக் கல்லு ரொம்பத் தூரமாய்யா, நம்ம வீட்டுல இருந்து?"

"இல்ல தாயி. மூணு மைலு இருக்கும்."

"மூணு மைலா?"

"ஆமா."

"மூணு மைலுதானாய்யா?" என்றாள் சௌந்தரம்.

அவள் கோபமாகக் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால் அவர் தாங்கியிருப்பார். தன் மகளை ஒன்றரை நாள் பயணம் கூட்டிக்கொண்டு வந்து இந்த மலையில் விட்டவருக்கு, மூன்று மைல் நடந்து போய் அந்தக் கல்லைப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லையே என்பது அப்போதுதான் உறைத்தது.

சௌந்தரம் எழுந்து இடுப்புச் சாக்கை அவிழ்த்துக் கொடியில் போட்டாள். "பசியோட வந்திருப்பீக. கையக் கழுவுங்கய்யா, சோறு போடுறேன்" என்றாள்.